வண்டல் அடித்த பாதி

என் அக்காவின் கணவருக்கு அவிநாசிக்குத் தெற்கே ஒரு மேட்டுக்காடு இருந்தது. மழையை நம்பிச் சோளம் மட்டுமே விதைத்த நிலம். தொண்ணூறுகளின் நடுவில், கிணற்றிலிருந்து குழாய் பதித்து அதில் தென்னை வைக்க முடிவு செய்தார். பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட மகன், தோப்பு என்று ஒன்று இருந்தால் திரும்பி வருவான் என்று நம்பினார்.

அதற்காக இரண்டு கோடை, குளத்து வண்டலை டிராக்டரில் அடித்துப் பாதிக் காட்டில் பரப்பி உழுதார். வண்டல் அடித்தால் மண் தேறும். எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாரிடமும் கேட்டுச் செய்வதில்லை.

பாசனத்துக்கு மண் ஏற்றதா என்று பார்க்க வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். அப்போது நான் நாளிதழ் நிருபர். எழுதுகிறவன் என்று, மண் மாதிரிப் பைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. வண்டல் அடித்த பாதி, அடிக்காத பாதி என்று அவர் தனித்தனியாக மண் எடுத்தார்.

"கருப்பா இருக்கற பக்கமே எடுத்துக்குங்க அம்மிணி. அதுதானுங்க நல்ல மண்ணு" என்றார் மாமா.

"பொண்ணு பாக்கவாங்க வந்திருக்கறோம், நீங்க நல்ல பக்கத்த மட்டும் காட்ட?" என்றார் அதிகாரி.

மாமாவும் சிரித்துவிட்டார்.

முடிவு வந்தது. அடிக்காத பாதி பாசனத்துக்கு ஏற்றது. அடித்த பாதியில் உப்பு மிக அதிகம், தென்னங்கன்று பிடிக்காது.

"பை மாறிப் போச்சு மாப்ளே."

மாறவில்லை. இரண்டு சீட்டிலும் என் கையெழுத்து இருந்தது.

அதிகாரி மறுபடி வந்து குளத்தைப் பார்த்தார். நொய்யல் ஆற்றுத் தண்ணீர் வந்து நிற்கும் குளம். சாயப்பட்டறைகள் விட்ட உப்பு அதன் அடிமண்ணில் படிந்திருந்தது.

"அடிச்ச வண்டல மறுக்கா வழிச்சு எடுத்தறலாங்களா?" என்றார் மாமா.

"உழுது கலந்துட்டீங்களேங்க. நல்ல தண்ணி கட்டிக் கட்டிக் கழுவி விடோணும். உங்க கிணறு அதுக்குப் பத்தாதுங்க."

எத்தனை உழவு என்று அவர் கேட்கவில்லை. மாமாவே சொன்னார்: "மூணு உழவுங்க. நல்லாக் கலக்கோணும்னு."

அன்று மாலை அக்கா, "பாதிக் காடு நல்லா இருக்குதுன்னுதானுங்க எழுதியிருக்குது? அதுல வெய்யுங்க" என்றாள்.

"இருக்குது. நான் ஒண்ணுமே செய்யாத பாதி."

அந்த வருடம் குழாய் பதிக்கவில்லை. வரச் சொல்லி மகனுக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. இரண்டு பாதியிலும் சோளம் விதைத்தார். ஒரு பாதியில் முளைத்தது.