நசீர் நானா சொன்ன பியர் ருசி

விடுதியில் இரவு மேசைக்கு இருப்பவனிடம் எல்லாரும் சாவி கேட்பார்கள். ஒருவரும் அபிப்பிராயம் கேட்கமாட்டார்கள். இரவு வேலையில் கண்ணெரிந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு சிறிய விடுதியில், சண்டைக் காலத்தில், பதினொரு வருஷம் அப்படி இருந்தேன். நான் விடிய வீட்டுக்குப் போக, மருந்துக்கடை வேலைக்கு மனைவி புறப்படுவா. வாசலில் சாவி கைமாறும். "சாப்பிட்டனீங்களோ?" என்பா. அதோடு அன்றைய குடும்ப வாழ்க்கை முடிந்துவிடும்.

வாழைமரம் குடித்தது

துறைமுகத்துப் பாரந்தூக்கி திருத்த வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர் ஆறு போத்தல் பியரோடு எங்களிடம் தங்கினார். அவருடைய தம்பி சொந்தமாகச் சிறு ஆலை தொடங்கிக் காய்ச்சிய, பில்ஸ்னர் என்ற வகைப் பியராம். "வீட்டுக்காரர் எல்லாரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். தெரியாத ஒருவர் சொன்னால் தம்பிக்கு எழுதலாம்" என்று அதை என் பொறுப்பில் விட்டார். இதைக் கேட்ட முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். எங்கள் பாரில் நின்றவன் கட்டாருக்குப் போய்விட்டான். அந்த மனுஷனுக்குத் திருப்தியாக நாலு வார்த்தை சொன்னால், பகலில் பாரில் நிற்கலாம் என்றார்.

அன்றிரவு கரண்ட் இல்லை. போத்தல்களை வாளியில் வைத்துக் கிணற்றுக்குள் இறக்கினேன். காலையில் வேலை முடிந்ததும் ஒன்றைத் திறந்தேன். நிறம் கொஞ்சம் கலங்கல். மணமோ நம்முடைய பியர் மணமே இல்லை, ஏதோ பழத்தோல் போல. பழுதாய்ப் போய்விட்டது என்று முடிவுகட்டி வாழையடியில் ஊற்றிவிட்டு, எஞ்சினியரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது பியரில் போடும் ஹொப்ஸ் என்ற பூவின் மணம், தம்பி வேண்டுமென்றே கூடப் போட்டது என்றார். பிறகு கேட்டார்: "சரி, வாழைமரம் என்ன சொன்னது?"

ஐஸ்

இரண்டாவது போத்தலை முதலாளிக்கும் எனக்குமாக ஊற்றி, நம்மூர் வழக்கப்படி ஐஸ் போட்டேன். ஐஸ் கரையக் கரைய மணம் ஓடிப்போனது. கசப்பு மட்டும் அசையாமல் இருந்தது. முதலாளி ஒரு மிடறோடு கிளாஸை வைத்தார். "இதைவிட வேப்பிலை அவிச்ச தண்ணி திறம். நீ இரவிலேயே இரு."

மூக்கு

எங்கள் குசினியில் சமைப்பவர் நசீர் நானா. கிண்ணியா ஆள், குடிக்காதவர். கறிக்கு உப்பு போதுமா என்பதை மணந்தே சொல்லுவார். மூன்றாவது போத்தலை ஐஸ் இல்லாமல் ஊற்றி அவரிடம் கொண்டுபோனேன்.

"தம்பி, இது வாயில படாது."

"வாய் வேண்டாம் நானா, மூக்கைத் தாங்கோ."

கையைக் கழுவிவிட்டு வந்து, கிளாஸைத் தொடாமல் குனிந்தார். "தோடம்பழத் தோலைக் கிள்ளின மாதிரி. அதுக்குக் கீழ, ஈரத்தோட வெட்டின புல்லு. அடியில போறணையில சுட்ட பாண்." நான் குடித்தேன். அவர் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக வந்தது! நானா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்குக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டன். கடைசியா நாக்குல என்ன மிஞ்சுது எண்டு குடிச்ச நீதான் சொல்லணும்."

சோதனை

மறுநாள் பின்னேரம் எஞ்சினியரும் முதலாளியும் கதிரைகளில் இருக்க, நான் நின்றபடி நாலாவது போத்தலை ஊற்றினேன். தோடம்பழத்தோல், புல், பாண். எஞ்சினியர் 'ஒரேஞ்ச், புல், பிரெட்' என்று எழுதிக்கொண்டே வந்தார். "கடைசியில்?" என்றார். விடிய மனைவியோடு சாவி கைமாறும் வீட்டு வாசல்தான் நினைவுக்கு வந்தது. "கசப்பு கெதியாகப் போய்விடுகிறது சேர். போன பிறகுதான் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று படுகிறது" என்றேன். அவர் அதையும் எழுதி அடியில் கோடு போட்டார். முதல் மூன்றும் நசீர் நானாவின் மூக்கு, கடைசி மட்டும் என்னுடையது என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட ஏலவில்லை. முதலாளி தாடியைச் சொறிந்தார். "நாளையிலிருந்து பகல்ல வா. குடிக்கிறவங்களோட நீ கதை, மணக்கிறதை நானாவிட்டைக் கேள்."

இரவு வீட்டில்

பதினொரு வருஷப் பழக்கம் உடம்பை விடுமா? ஊரடங்கு இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு, ஹொப்ஸ் பூ எந்த நாட்டில் பூக்கும், நம் மண்ணில் வருமா என்று மனைவியிடம் கதைத்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் அவ எழும்பி உட்கார்ந்தா. "நித்திரை வராட்டிப் போய் அந்த விடுதி வாசல்ல காவல் இருங்கோ, என்னைப் படுக்க விடுங்கோ!"

குடிக்காத மனுஷனின் மூக்கால் எனக்குப் பகல் கிடைத்தது, அந்தப் பகலில் பாருக்கு வந்த முதல் ஆள் கேட்டது ஐஸ்.