அத்தானுக்கு மட்டும் நுரை

போன சனிக்கிழமை காலை, குரோய்டனிலிருந்து அக்கா போன் செய்தாள்.

"நாளைக்கு நான் மட்டும் வர்றேன்டா. அத்தான் வரலையாம்."

"ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?"

"உன் வீட்ல எல்லாருக்கும் பீர், அவருக்கு மட்டும் நுரையாம். ஒரு வருஷமா கவனிச்சிட்டு வர்றாராம்."

ஒரே நிமிடத்தில், என் மகளின் கல்யாண மேடையில் அத்தான் இல்லாத குடும்ப போட்டோவை எடுத்து, ஃப்ரேம் போட்டு, சுவரிலும் மாட்டிவிட்டேன். மகளுக்கு வயது பதினொன்று!

எங்கள் ஹவுன்ஸ்லோ வீட்டுச் சமையலறையில் நிற்கும் மெஷினைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன் — பீர் பீப்பாயை உள்ளே வைக்கிற ஃபிரிட்ஜ், அதன் தலையில் ஒரு ஸ்டீல் டவர், டவரில் குழாய். நுரை அடங்கட்டும் என்று, பதற்றத்தில் அந்த டவருக்கு ஐஸ் பையைக் கட்டி, மேலே என் மஃப்ளரையும் சுற்றினேன். ஊட்டிக்கு டூர் போன பெரியவர் மாதிரி நின்றது.

மனைவி கவிதா வந்து பார்த்தாள்.

"ஏங்க, முதல் கிளாஸ் மட்டும்தானே நுரையா வருது?"

"ஆமா."

"முதல் கிளாஸை யாருக்குக் குடுப்பீங்க?"

"இதென்ன கேள்வி? அத்தானுக்குத்தான். மரியாதை இல்லையா..."

விஷயம் இவ்வளவுதான். பீப்பாய் ஃபிரிட்ஜுக்குள் ஜில்லென்று இருக்கிறது. டவரோ வெளியே, அடுப்புக்குப் பக்கத்தில். அதற்குள் ஓடும் ட்யூபில் தேங்கிய பீர் சூடாகி, முதல் கிளாஸில் நுரையாகப் பொங்குகிறது. அது ஓடி முடிவதற்குள் ட்யூப் குளிர்ந்துவிடும். இரண்டாவது கிளாஸிலிருந்து அமிர்தம். அதைக் குடித்தவன் யார்? நான்!

மரியாதை கொடுக்கிறவன், கொடுத்தது என்ன என்று ஒருமுறையாவது ருசி பார்க்கிறானா?

டவரின் மூடியைக் கழற்றினோம். பனிக்காலத்தில் தண்ணீர் உறையாமலிருக்கக் குழாய்க்கு மாட்டுவோமே, அந்தக் கறுப்பு ஃபோம் உறையை ட்யூபைச் சுற்றி மாட்டினோம். பழைய கம்ப்யூட்டரின் குட்டி ஃபேனை ஃபிரிட்ஜுக்குள் வைத்து, குளிர்காற்றை டவரின் உச்சி வரை ஏற்றினோம். ஒரு மணி நேரம் விட்டு ஒரு கிளாஸ் பிடித்தேன். விரல் கனத்துக்குத்தான் நுரை!

உடனே அத்தானுக்கு போன் போட்டுக் கெஞ்சினேன். மறுநாள் வந்தார். முகம் மட்டும் வரவில்லை.

"மத்தவங்களுக்கு ஊத்து மாப்ள. எனக்கு அப்பறம் போதும்."

கதையை முழுக்கச் சொன்னேன். மூடியைத் திறந்து காட்டினேன். விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். முதல் கிளாஸைப் பிடித்து நீட்டினேன். பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.

"அப்போ... மரியாதை குடுத்துதான் இத்தனை நாள் நுரை குடுத்திருக்கே?"

"ஆமா அத்தான்."

ஹாலில் உட்கார்ந்திருந்த அக்காவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தார்.

"மாப்ள... இந்த ஒரு வருஷத்துல உன்னைப் பத்தி உங்கக்காகிட்ட என்னென்னமோ பேசிட்டேன்டா."

அடுத்த கிளாஸைப் பிடித்தேன் — அதையும் அவருக்கே கொடுத்தேன்.