சிவப்பு விளக்கை அணைத்தவர்

சிவப்பு விளக்கின் வயரை வெட்டியது நீர்தான், ஒர்க்‌ஷாப்காரரே. தண்ணீர் வெட்டவில்லை, நானும் வெட்டவில்லை. போன வாரம் உமக்கு மாலை போட்ட கூட்டத்தில், வண்டியை அருவியில் குளிப்பாட்டியவன் என்ற அந்தப் பழைய கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தீராம். அந்தக் கதையில் வரும் முட்டாள் நான். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியிலும் குற்றாலத்திலும் ஒரே முதலாளிக்கு சினிமாக் கொட்டகை இருந்தது. தென்காசியில் கட்டடம், குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் டெண்ட். இரண்டுக்கும் ஒரே படம், ஒரே பிரதி. தென்காசியில் ஓடி முடிந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு, மோட்டார் சைக்கிளில் குற்றாலத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. நான் பிந்தினால் அங்கே வெறும் திரை நிற்கும்.

வண்டி முதலாளியுடையது. அதிலிருந்த ஒற்றை மீட்டர் அவர் அந்தஸ்துக்குப் போதவில்லை. நீர் எங்கிருந்தோ ஒரு பழைய காரின் டேஷ்போர்டை அறுத்துக் கொண்டுவந்து ஹேண்டில்பாரில் மாட்டினீர். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள். முதலாளி ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, விளக்குகளைப் பார்த்துவிட்டு இறங்குவார். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

அந்த மூன்றில் சிவப்பு ஒன்றுதான் உருப்படியானது. சாவி போட்டதும் எரிய வேண்டும். இஞ்சின் ஓடி, டைனமோ மின்சாரம் கொடுக்கத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் பேட்டரிக்கு ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம். பேட்டரி தீர்ந்தால் அந்த வண்டி நின்றுவிடும். சாரல் பிடித்த சமயத்தில் வண்டி ஓடும்போதும் அது எரிந்தது. உம்மிடம் கொண்டுவந்து விட்டேன். நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலையை முடித்திருந்தீர்.

"அணைஞ்சிட்டுல்லா? எடுத்துட்டுப் போம்."

"சாவி போட்டாலும் எரியலையே அண்ணாச்சி. இஞ்சின் ஓடாதப்போ எரியணும்லா?"

"எரிஞ்சாலும் குத்தம்ங்கீரு, அணைஞ்சாலும் குத்தம்ங்கீரு. ஒமக்கு என்னதான்வே வேணும்? நீரு பெட்டி தூக்குத ஆளு. பெட்டியத் தூக்கும்."

உம் கடையில் நின்ற வெட்டிப் பயல்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலைக் காட்சி. இடைவேளைக்குப் பிந்திய ரீல்கள் எனக்குப் பின்னால் கட்டியிருந்தன. வழியில் இலஞ்சி ஊரைத் தாண்டியதும் ஹெட்லைட் மஞ்சளாகிச் சுருங்கியது. இஞ்சின் இருமியது, நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரலில் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது டெண்டில் ஜனங்கள் உட்கார்ந்திருந்த மணலையே அள்ளித் திரைமேல் எறிந்துகொண்டிருந்தார்கள்.

"ஏலே, பெட்டி நடந்து வருதுலே!" என்று ஒருவன் கத்தினான். அந்தப் படத்தில் அதைவிட நல்ல வசனம் கிடையாது.

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்திய தென்காசிக் கொட்டகை வாசலில், என்னை வைத்துக்கொண்டே நீர் முதலாளியிடம் சொன்னீர்: "மொதலாளி, ஒங்க ஆளு வண்டிய ஐந்தருவிக்குக் கொண்டுபோயிக் குளிப்பாட்டியிருக்கான். வயருக்குள்ள பூராத் தண்ணி. பொறவு எப்படி ஓடும்?"

முதலாளி தலையாட்டினார். என் வேலை அந்தத் தலையாட்டலில் தொங்கியது.

அங்கேயே ஸ்குரூ டிரைவரை எடுத்து டேஷ்போர்டைக் கழற்றினேன். வேறொரு பேட்டரியை வைத்து, சாவியைத் திருப்பி, ஒரு பல்பில் இரண்டு வயர்களைக் கட்டி, ஒன்றை வண்டியின் இரும்பில் பிடித்தேன். மற்றதைச் சிவப்பு விளக்கின் ஒரு முனையில் வைத்தேன். பல்பு எரிந்தது. அடுத்த முனையில் வைத்தேன். அங்கேயும் அதே வெளிச்சம். சாவியிலிருந்து வரும் வயரையே இரண்டு முனையிலும் முறுக்கி வைத்திருந்தீர். இரண்டு பக்கமும் ஒரே மின்சாரம் நின்றால் விளக்கு எந்தக் காலத்தில் எரியும்? டைனமோவுக்குப் போக வேண்டிய வயரைத் தேடினேன். வெட்டி, முனையில் கறுப்பு டேப்பு சுற்றி, டேங்குக்கு அடியில் செருகியிருந்தது. சொட்டு ஈரம் இல்லை. டைனமோவைத் திறந்தால், மின்சாரத்தை வெளியே எடுத்துத் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்து கட்டையாகக் கிடந்தது. நோய் அங்கே இருக்க, நீர் விளக்கைக் கொன்றீர்.

"மொதலாளி, தண்ணி வயரை அறுக்கும்னே வச்சுக்கிடுவோம். அறுத்த முனையில டேப்பும் சுத்துமா?"

நீர் டேப்பைப் பார்க்கவில்லை. சாரலைப் பார்த்தீர். முதலாளிதான் பேசினார்.

"செவப்பு லைட்டு கண்ணை உறுத்துதுன்னு நாந்தாம்லே அணைக்கச் சொன்னேன். அதுக்கு இப்ப என்ன? என்னக் கேக்காம டேஷ்போர்டைக் கழத்த ஒனக்கு யாரு சொன்னா? சாவிய வச்சுட்டுப் போ."

வைத்துவிட்டுப் போனேன். வேறு ஒரு கொட்டகையிலும் என்னைச் சேர்க்கவில்லை. வண்டியைத் தண்ணீரில் விட்டவன் என்ற பேர் எனக்கு முன்னால் போய் நின்றது.

முதலாளி செத்துப்போனார். அவரைக் கேட்க முடியாது. நீர் இருக்கிறீர், மாலையோடு இருக்கிறீர், இன்னும் அதே பொய்யைச் சொல்கிறீர். மறுபடி அதே மேடையில் ஏறும். அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரையும் கூப்பிட்டு வையும். நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். எல்லாரும் கேட்கச் சொல்லும்: அந்த வயரில் டேப்பு சுற்றியது யார் கை?