போகட்டும், ஒருக்கா கேக்கச் சொல்லுங்க

கல்முனையில் நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். போன வருடம் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்திலிருந்து இருவர் வந்தார்கள். தங்கள் நாட்டில் இராணுவப் பயிற்சிக்குத் தெரிவான ஓர் இலங்கை இராணுவ அதிகாரி மீது மனித உரிமைப் புகார் உண்டா என்று விசாரிக்க வந்தவர்கள். தம்பிலுவிலில் ஒரு மீனவக் குடும்பத்து அக்காவிடம் அவர்களைக் கூட்டிப்போனேன். யுத்த காலத்தில் அவருடைய கணவரைப் பிடித்துப்போனது அந்த அதிகாரியின் ஆட்கள்தான். இத்தனை வருடத்திலும் அக்கா நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இது உறுதியானால் அவருக்குப் பயிற்சி கிடைக்காது" என்றார்கள். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் அதைத் தமிழில் சொன்னேன்.

"அவரு போகாட்டி எனக்கென்ன தம்பி? போகட்டும். போறதுக்கு முதல், என்ட மனுசன எங்க கொண்டு போனீங்க எண்டு ஒருக்கா கேக்கச் சொல்லுங்க."

அது தங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். அதையும் நான்தான் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது.

வாசலில் அக்கா என்னை மட்டும் நிறுத்தினார்.

"நீங்க தொழுறவர்தானே? என்ட மனுசனுக்கு துஆக் கேளுங்க தம்பி. மௌத்தானவங்களுக்குக் கேக்கிற துஆ வேணாம். உசிரோட இருக்கிறவங்களுக்குக் கேக்கிறதக் கேளுங்க."

"ஓம் அக்கா" என்றேன்.

அன்று அசர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். நோய்நொடியில்லாமல் அவர் வீடு திரும்பட்டும் என்று கேட்டேன். கேட்கும்போதே மற்ற துஆதான் நாக்கு நுனியில் வந்து நின்றது.

இன்றும் அதை விழுங்கிக்கொண்டுதான் கேட்கிறேன்.