அண்ணன் கபரில் இறங்கிய நாள்

மூக்கொழுகும் ஆளைக் கண்டால் மேலப்பாளையத்தில் வைத்தியம் சொல்லாதவர் கிடையாது. என் அண்ணன் பீர் முகம்மதுவுக்கு இரண்டு வருடம் அந்தப் பாக்கியம் கிடைத்தது. சவூதியில், தம்மாமில் பெயிண்டராக இருந்தவர், சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு ஊர் வந்தார். காயம் ஆறியது. ஆனால் வலப்பக்க மூக்கில் மட்டும் பச்சைத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. சளி என்றோம். நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னோம். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்தால் பாயில் சொட்டுச் சொட்டாக விழும். பக்கத்தில் நிற்பவர் முகம் சுளிப்பாரே என்று பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

அது சளியில்லை என்று கண்டுபிடித்தவர் பாளையங்கோட்டை டாக்டர் கிறிஸ்டி. அண்ணனைக் குனிய வைத்து, விழுந்த சொட்டுகளைச் சின்னக் குப்பியில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார். மூளையைச் சுற்றியிருக்கிற நீர் என்று முடிவு வந்தது. பிறகு முதுகுத்தண்டில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, கவிழ்த்துப் படுக்க வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில், மூளைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள எலும்பிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு கீழே இறங்கியது. கடுகளவு ஓட்டை. அதற்குத்தான் நாங்கள் இரண்டு வருடம் நொச்சி இலை பறித்தோம். எங்களைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தொடையிலிருந்து சவ்வு எடுத்து, மூக்கு வழியாகவே குழாய் விட்டு ஓட்டையை அடைத்தார்கள்.

"ஆறு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. ஒட்டு விட்டுப்போச்சுன்னா கிருமி நேரா மூளைக்குப் போயிரும்," என்றார் டாக்டர்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். சொட்டு நின்றது. மதினி நஃபீஸத் தினமும் காலையில் தலையணையைத் தடவிப் பார்ப்பார். காய்ந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்த பதினேழாம் நாள் எங்கள் வாப்பா மௌத்தானார்.

இறந்தவர் உடலை, மய்யித்தை, கபர்க் குழிக்குள் நின்று வாங்கி வைப்பது எங்கள் வீட்டில் மகன்கள்தான். அண்ணன் இறங்கக் கூடாது, ஆகவே நான் இறங்க வேண்டும். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஜவுளிக் கடையில் நாள் முழுக்க வாய் ஓயாதவன். குழியின் விளிம்புக்குப் போனதும் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். சொந்தத்தில் நாலு பேர், "நாங்க எறங்குதோம்," என்று முன்னால் வந்தார்கள்.

"வெலகுலே ரசீத்," என்று என்னை ஒதுக்கினார் அண்ணன். "மவன் ரெண்டு பேரு இருக்க, வாப்பாவ அடுத்தவனா வாங்கி வைப்பான்?"

"டாக்டரம்மா குனியக் கூடாதுன்னு சொல்லிருக்காவள்லா அண்ணே?" என்றேன்.

"ஒரு நிமிசந்தாம்லே."

கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எனக்குப் பதில் ஒருவர் இறங்குகிறார் என்று உள்ளுக்குள் நிம்மதிதான் இருந்தது. அதைச் சொல்ல இனி வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது?

அண்ணன் குனிந்து வாப்பாவை வாங்கினார். குனிந்தபடியே உடலைச் சுற்றிய கபன் துணியின் முடிச்சை அவிழ்த்தார், முகத்தை மேற்கே கிப்லா பக்கம் திருப்பினார். ஏறி வரும்போது சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார். "வேர்வைலே," என்றார். நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதி.

துக்க வீட்டுக் கூட்டத்தில் மூன்று நாள் துண்டால் துடைத்து மறைத்திருக்கிறார். நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது, கழுத்து விறைத்தது, ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றினார். பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்தார். உயிர் தப்பியது.

"ஒட்டு மறுபடி போட்டுரலாம்," என்றார் டாக்டர் என்னிடம். "மூளைக் காய்ச்சல்ல ரெண்டு காதும் போயிருச்சு. அது திரும்பாது."

அண்ணனுக்கு நினைவு தெளிந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். வெளிச்சம் தாங்காமல் கண்ணில் துணி போட்டிருந்தார்கள். என் கையைத் தடவிப் பார்த்தார்.

"ரசீத்தா?"

"ஆமாண்ணே."

"ரசீத்தாலே?"

"நாந்தாண்ணே, நாந்தான்."

என் கையை உலுக்கினார். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்டார். "ஏம்லே பேச மாட்டேங்க? நான் எறங்குனதுல அம்புட்டுக் கோவமா?"

அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "எறங்க வேண்டியவன் நாந்தாண்ணே!"

என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். "வையணும்னா வையி. ஒரு வார்த்த பேசுலே," என்றார்.