திருப்பிப் போட்டாச்சா?

நாத்தனாரைப் பற்றி ஒரு அண்ணி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்தால், சொத்தில் ஏதோ கிடைத்திருக்கிறது என்றுதான் நாலு பேர் நினைப்பார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு இரும்பு பீரோ. அதன் கதவும் சரியாக மூடாது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவள் என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கேட்டு வந்த யாரும் படிவத்தைச் சரியாக நிரப்பவில்லை என்பாள். நான் மருத்துவமனையில் முப்பத்து நாலு வருடம் செவிலியாக இருந்தவள். என் கணவர் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் ஒரே கண்ணாடிக்கு முன்னால் முட்டி மோதித் தலை வாரிக்கொண்டு, தெருமுனை வரை ஒன்றாக நடந்து, நான் வலது பக்கம் மருத்துவமனைக்கும் அவள் இடது பக்கம் பல்கலைக்கழகத்துக்கும் திரும்புவோம்.

அவள் வேலை பார்த்தது கணினி உயிரியல் துறை அலுவலகத்தில். விலங்கியல் கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு அலமாரியுமாகத் துறை தொடங்கியபோது தட்டச்சராகச் சேர்ந்தாள். கண்காணிப்பாளராக உயர்ந்தாள். தொலைபேசியில் யாராவது, "கணினி உயிரியல்னா என்னங்க, கம்ப்யூட்டருக்கு உயிர் குடுக்குறதா?" என்று கேட்டால் கோபப்பட மாட்டாள். எலியை அறுக்காமல் எலியைப் பற்றித் தெரிந்துகொள்கிற படிப்பு என்பாள். அதைவிடத் தெளிவாக அங்கே இருந்த விரிவுரையாளர்கள்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

துறையைத் தொடங்கியவர் ஓய்வு பெற்றதும் தலைவர் நாற்காலி காலியானது. காலியாகவே ஆறு வருடம் கிடந்தது. பொறுப்பு என்று விலங்கியல் பேராசிரியர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவர் மாதம் ஒரு தடவை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார். அன்றாடக் கடிதங்களில் என் நாத்தனார்தான், "தலைவருக்காக" என்ற ரப்பர் முத்திரையைக் குத்தி, அதன் மேல் தன் கையெழுத்தைப் போடுவாள். இல்லாத தலைவருக்காக ஆறு வருடம். திங்கட்கிழமை தோறும் அந்த அறையைத் திறந்து மேசையைத் துடைப்பாள். வருடம் பிறந்தால் சுவரில் புது நாள்காட்டி மாட்டுவாள். "ஆளில்லாத அறையில யாரு தேதி பாக்கப்போறா?" என்று ஒருமுறை கேட்டேன். "வர்றவங்க முதல் நாளே பழைய வருஷத்தைப் பாக்கணுமா?" என்றாள்.

ஆள் தேடாமல் இல்லை. முதல் தடவை தேர்வானவர் சம்மதம் சொல்லிவிட்டு வேறு ஊரில் சேர்ந்து, அங்கிருந்து வாழ்த்து அட்டை அனுப்பினார். இரண்டாவது ஆள் நேரில் வந்தார். கணினி சர்வர் அறையில் குளிர்பதனப் பெட்டிக்குக் கீழே, சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளியைப் பார்த்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர்தான்.

மூன்றாவது விளம்பரம் வந்தபோது பதிவாளர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் ஆள் வராவிட்டால் துறையை விலங்கியலோடு சேர்த்துவிடுவார்கள். பெயர்ப் பலகை போகும், மாணவர்களின் பட்டத்தில் பெயர் மாறும். நாத்தனாருக்கு அப்போது ஓய்வுக்குப் பத்து மாதம் இருந்தது. முப்பத்தோரு வருடம் வளர்த்த துறையைத் தன் கையாலேயே மூட்டை கட்டி விலங்கியலிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வரப்போகிறோமோ என்ற பயம் அவளுக்கு. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்தது, எடை இரண்டு கிலோ இறங்கியது. நான் எடை பார்க்கிறவள், எனக்குத் தெரியும்.

நேர்காணலுக்கு மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவதாக வந்தவர் ஒரு அம்மா. ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒரு புரதம் எப்படி மடியும் என்று கணினியில் கணக்குப் போடுகிறவர். துறையில் அவர் உரை நிகழ்த்தி முடித்ததும் மாணவர்கள் யாரும் எழுந்து போகவில்லை என்று நாத்தனார் வியந்து வியந்து சொன்னாள். தேர்வுக்குழு அன்றைக்கே அவரை முடிவு செய்தது. நியமன ஆணை போனது. சம்மதம் சொல்ல முப்பது நாள் கெடு.

பதிலே வரவில்லை. அவர் பேரம் பேசுகிறார் என்று குழு நினைத்தது. புதிய சர்வர் தருகிறோம் என்று ஒரு கடிதம், ஆராய்ச்சிக்கு நாலு பேர் தருகிறோம் என்று இன்னொரு கடிதம். யோசிக்க அவகாசம் வேண்டும் என்று மட்டும் ஒரு வரி வந்தது. கெடு முடியப் பத்து நாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நாத்தனாரும் மொட்டைமாடியில் காய்ந்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. அவள் அந்த அம்மாவைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள். எவ்வளவு பொறுப்பான ஆள், நேர்காணலுக்கு வந்த இடத்தில்கூட வேலையை விடவில்லை, தன் கைபேசிக்கு இங்கே சிக்னல் இல்லை என்று அலுவலகத் தொலைபேசியிலிருந்து தன் ஊருக்குக் கூப்பிட்டுக்கூப்பிட்டு விசாரித்தார் என்றாள். அப்புறம் அந்த அம்மாவின் குரலிலேயே பேசிக்காட்டினாள். குரல் மாற்றிப் பேசுவதில் என் நாத்தனார் கெட்டிக்காரி.

"திருப்பிப் போட்டாச்சா? இப்ப எந்தப் பக்கம்? சிவப்பா ஏதாவது தெரியுதா?"

அவர்கள் துறையில் கணினியில் ஓடுகிற கணக்கு நடுவில் நின்றுபோனால், "திருப்பிப் போடு" என்பார்களாம். தவறு வந்தால் திரையில் சிவப்பாகக் காட்டுமாம். பக்கம் என்றது அறிக்கையின் பக்கமாக இருக்கும் என்று இவளே முடிவு கட்டியிருந்தாள்.

"அண்ணி, போர்வையை விட்டுட்டீங்க" என்றாள்.

"எத்தனை மணிக்கெல்லாம் போன் பண்ணினாங்க?"

"பத்து, பன்னிரண்டு, ரெண்டு, நாலு. கடிகாரம் மாதிரி. ஏன்?"

"அது கம்ப்யூட்டர் இல்லம்மா. படுக்கையில கிடக்குற மனுஷன்."

அசைய முடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். திருப்பும்போது குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி மூன்றையும் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் படுக்கைப் புண் கதவைத் தட்டுகிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் வீட்டிலேயே இருந்தவளுக்குத் தெரியவில்லை.

நாத்தனார் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அவங்களுக்கு சர்வர் அறைக் குளிர்பதனத்தைப் பத்தி மூணு பக்கம் அனுப்பியிருக்கேன் அண்ணி" என்றாள். மறுநாளே பதிவாளரிடம் போய்ச் சொல்லப்போவதாகக் கிளம்பினாள். நான் தடுத்தேன். அந்த அம்மா தன் வாயால் சொல்லாத விஷயம் அது. சொன்னால் அனுதாபப்பட்டு ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்துதான் சொல்லாமல் இருக்கிறார். இத்தனை வருடத்தில் அந்தப் பயத்தை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

"நோயாளியைப் பத்தி ஒரு எழுத்து எழுதாதே. வீட்டைப் பத்தி எழுது."

பல்கலைக்கழகக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தது ஒரே ஒரு நல்ல வீடு. அதில் பழைய விடைத்தாள் மூட்டைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். குடியிருப்பு அதிகாரி, தரைத்தளம் பணிமூப்புப்படிதான், வரிசையில் ஆள் இருக்கிறது என்று கையை விரித்தார். பணிமூப்பில் முதல் ஆள் யார் என்று பார்த்தால் இவளேதான். சொந்த வீடு இருந்ததால் முப்பத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட விண்ணப்பித்ததில்லை. காலை பத்து மணிக்குத் தனக்கு வீடு கேட்டு ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். பதினோரு மணிக்கு, அந்த உரிமையைத் துறைத் தலைவர் பதவிக்கு விட்டுக்கொடுப்பதாக இன்னொரு படிவம்.

"இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே மேடம்" என்றாராம் அதிகாரி.

"நானும் நிரப்பினதில்லை. விதியில இருக்கு, பதினாலாவது பத்தி" என்றாளாம் இவள்.

மூட்டைகள் வெளியேறின. தையல்காரர் நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். நான் அளந்தேன், அவள் எழுதினாள். வாசலில் படி கிடையாது, சரிவுதான். கதவுகளின் அகலம், சக்கர நாற்காலி என்ற வார்த்தையே இல்லாமல், அங்குலத்தில். படுக்கையறையில் கட்டில் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் நிற்க எவ்வளவு இடம் என்பது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே மின்சார இணைப்பு; படுக்கைப் புண் வராமல் காக்கிற காற்று மெத்தையின் மோட்டாருக்கு அது வேண்டும், ஆனால் அந்தக் காரணத்தை எழுதவில்லை. படுத்துக்கொண்டே பார்த்தால் சன்னலில் என்ன தெரியும் என்று கேட்டேன். நாத்தனார் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெறும் தரையில் மல்லாந்து படுத்தாள். "மரம் தெரியுது. பாதி தண்ணித்தொட்டி தெரியுது. எழுதிக்கோங்க" என்றாள். அதையும் எழுதினோம். மருத்துவமனை நடந்து பத்து நிமிடம், பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்கள் ஊரில் கிடைப்பார்கள் என்பது கடைசி வரி. ஒரே பக்கம். கீழே "தலைவருக்காக" முத்திரை, அவள் கையெழுத்து. யாரையும் கேட்காமல் அவள் அனுப்பிய ஒரே கடிதம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாலாவது நாள் பதில் மின்னஞ்சலில் வந்தது. அச்செடுத்து வீட்டுக்கே கொண்டுவந்தாள். ஒரே வரி. குளியலறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கம் திறக்குமா?

"கெடு முடிய மூணு நாள்தான் இருக்கு. என்ன கேள்வி அண்ணி இது? விளையாடுறாங்களா?"

"வர்றாங்க" என்றேன். உள்ளே சக்கர நாற்காலி நின்றால், உள்பக்கம் திறக்கிற கதவு அதில் இடிக்கும், உதவிக்கு இன்னொரு ஆள் நுழைய முடியாது. வர நினைக்காதவள் அதைக் கேட்க மாட்டாள்.

அந்தக் கதவு உள்பக்கம்தான் திறந்தது. வெளியே திறக்கும் என்று உடனே எழுதிவிட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். என் நாத்தனார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இல்லாததை எழுத மாட்டாளாம். அன்று தச்சர் கிடைக்கவில்லை. மறுநாள் பிடித்துவந்து பக்கத்திலேயே நின்று கீலை மாற்ற வைத்தாள். நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குப் போய், "வெளிப்பக்கம் திறக்கும்" என்று அனுப்பினாள். அதில் ஒரு முழு நாள் போய்விட்டது. கெடுவின் கடைசி நாள் காலையில் சம்மதம் வந்தது.

அவர்கள் வந்து இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். கணவர் ஒரு கணக்கு வாத்தியார். விபத்தில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, வாய் மட்டும் எல்லாருக்கும் சேர்த்து அசையும். மூன்றாவது மாடியில், மின்தூக்கி இல்லாத வீட்டில் நாலு வருடம் கிடந்தவர். வாசலில் சக்கர நாற்காலி ஏறியதும் என் நாத்தனாரைப் பார்த்து, "நீங்கதானா அந்தத் 'தலைவருக்காக'? உங்க கடிதத்தை இவ எனக்கு மூணு தடவை படிச்சுக் காட்டினா. நான் இவளுக்கு எழுதினதைக்கூட ஒரு தடவைதான் படிச்சா" என்றார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "யார் சொன்னாங்க உங்ககிட்ட?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலை மேடம். நான் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க அண்ணி திருத்தினாங்க."

அதற்கப்புறம்தான் அந்த அம்மா உள்ளே போனார். நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்தார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பணியேற்பு அறிக்கையில் கையெழுத்து வாங்கிய அன்று, அடுத்த கடிதத்திலேயே பழக்கத்தில் நாத்தனார் முத்திரையைக் குத்திவிட்டாள். "நான்தான் வந்துட்டேனே" என்றாராம் பேராசிரியர். அதை அடித்துவிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினாளாம். அவள் கையால் அடித்தல் திருத்தலோடு வெளியே போன கடிதம் அது ஒன்றுதான் என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். மீதி மாதங்களைத் தலைவர் இருக்கிற துறையில் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றாள். பெயர்ப் பலகை இன்றும் இருக்கிறது. அந்த வீட்டு வாத்தியாருக்கு நான் பழக்கிவிட்ட இரண்டு பெண்கள் முறை வைத்துப் போனார்கள்.

போன வருடம் நாத்தனாருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு நெஞ்சிலும் கோளாறு, எழுந்திருக்கவே இல்லை. கடைசிப் பதினோரு வாரமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். தினமும் காலை பத்து மணிக்குத் துறையிலிருந்து, அவள் முப்பத்தோரு வருடம் தூசி தட்டிய அதே தொலைபேசியிலிருந்து, பேராசிரியர் கூப்பிடுவார். வணக்கம் கிடையாது, நலமா கிடையாது.

"திருப்பிப் போட்டாச்சா? இப்ப எந்தப் பக்கம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வரும். "பதினேழாம் பக்கம்னு சொல்லுங்க அண்ணி."

சிவப்பு எதுவும் இல்லை என்று நான் சொல்வேன். ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அந்தப் பதினோரு வாரத்தில் அவள் உடம்பில் ஒரு இடம்கூடச் சிவக்க நான் விடவில்லை.