சாமிப் படத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தவர்

ஹமீது பாய் காலமானார் என்ற செய்தி நம் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, நான் குளியலறைத் தரையில் உட்கார்ந்து, தண்ணீர் இறங்கும் குழியின் சல்லடை மூடியைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தலைமுடியும் சோப்பு அழுக்கும் சேர்ந்து கருங்கூழாக வந்தது. குமட்டலோடுதான் செய்தியைப் படித்தேன். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லையாம்.

சுங்கைப் பட்டாணியில் உங்களில் பாதிப் பேர் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு அடியில் அவர் குப்புறப் படுத்து டார்ச் அடித்திருப்பார். கரப்பான், எலி, எறும்பு என்று எதற்கும் அவரைத்தான் கூப்பிட்டோம். அவருடைய பொறுமையைப் பற்றியும் சிரிப்பைப் பற்றியும் நீங்கள் எழுதுவீர்கள். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அவரிடம் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்துவதற்குள் அவர் போய்விட்டார்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு என் வீட்டையும் தெரியும். தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்த காலத்திலும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, காலையும் மாலையும் தரை துடைக்காமல் இருந்ததில்லை. விருந்துக்குப் போன வீட்டுக் கோப்பையில் உதடு வைக்குமுன் அதை முகர்ந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்ட என் வீட்டில், ஒரு நாள் தேநீர் வடிகட்டியை எடுத்தால், அதற்குள் ஒரு கரப்பான் மீசையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. முதல் கோப்பை ஏற்கெனவே குடித்தாகிவிட்டது. வாயைப் பத்துத் தடவை கொப்பளித்தும் நாக்கில் அந்த நாற்றம் போகவில்லை.

என் மகன் கல்யாணம் முடித்து, மருமகள் நிர்மலா எங்களோடு இருக்க வந்து அப்போது இரண்டு வாரம். வாடகை அறையிலிருந்து ஆறு அட்டைப் பெட்டிகளில் தன் சாமான்களைக் கொண்டு வந்திருந்தாள். எனக்கு வேறு விசாரணையே தேவைப்படவில்லை.

"எல்லாம் ஒன் பொட்டியிலதான் வந்திருக்கு. வெளிய கொண்டுபோய்ப் பிரி" என்றேன்.

"உள்ளயே பிரிக்கிறேன் அத்தே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

கார் நிறுத்தும் இடத்தில், பட்டப்பகலில், அவள் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து உதறினாள். புத்தகம், சேலை, உள்ளாடை எல்லாம் சிமெண்டுத் தரையில் கிடந்தன. நீங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றீர்கள். ஒரு கரப்பான்கூட வரவில்லை. ஏற்கெனவே வீட்டுக்குள் ஓடியிருக்கும் என்று உங்கள் காதில் விழும்படி சொன்னேன்.

மறுநாள் ஹமீது பாய் வந்தார். நிர்மலா வேலைக்குப் போயிருந்தாள். மருந்து டப்பாவை வாசலிலேயே வைத்துவிட்டு, டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அலோர் ஸ்டாரில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் பல வருடம் நின்றவர் அவர். "மருந்தடிக்கறது கடைசி வேல டீச்சர். மொதல்ல அதுக்கு யாரு சோறு போடறான்னு பாப்போம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் மூட்டில் ஒரு சொட்டு நின்றது. "சோறு இல்லாமகூட நாள் கணக்கா கெடக்கும். தண்ணி இல்லாமத்தான் தாங்காது" என்றார். யாரும் புழங்காத பின்பக்கக் குளியலறையில் தரைக் குழி வறண்டு கிடந்தது. அதில் தண்ணீர் நின்றால்தான் கீழே லோங்காங் சாக்கடையிலிருந்து எதுவும் ஏறி வராதாம். வாரம் ஒரு வாளி ஊற்றச் சொன்னார். குளிர்ப்பெட்டியின் மோட்டார்ப் பக்கம் மிளகு தூவியது போல எச்சம். நான் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அதெல்லாம் கொஞ்சம்தான், கூடு வேறெங்கோ இருக்கிறது என்றார். மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தவர் சாமி அறை வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"டீச்சர், நான் வரக்கூடாத எடம். நீங்களே அந்தப் பெரிய முருகர் படத்த எறக்குங்க. நான் இங்கேருந்து டார்ச் அடிக்கிறேன்."

"அத எறக்கக்கூடாது பாய். குடி வந்தன்னைக்கு ஐயர் வெச்சது. அசைக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"ஐயர் சொன்னது சாமிக்கு. பின்னால இருக்கறதுக்கு அவரு ஒண்ணும் சொல்லலியே லா."

எத்தனை வருடம்! வெள்ளிதோறும் கண்ணாடியைத் துடைத்தேன், சந்தனம் வைத்தேன், பாலும் வாழைப்பழமும் படைத்தேன். பின்பக்கத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். கரப்பான்கள் என் முழங்கை வரைக்கும் ஏறின. சட்டைக் கைக்குள் ஒன்று புகுந்தது. சட்டத்தின் அட்டையை அரித்து, சிந்திக் காய்ந்த பாலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று, பயற்றம்பருப்பு போல முட்டைக் கூடுகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தன. வெறுந்தோலாய் உதிர்ந்தவை என் காலில் கொட்டின. அந்த அறையில் கண்ணை மூடி எத்தனை முறை மூச்சை இழுத்து விட்டிருப்பேன்! குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்தபோது பாய் அதே இடத்தில் நின்றார். "இது ரெண்டு வாரத்துல வந்ததில்ல டீச்சர். வருசக் கணக்கா இருக்கு. ஒங்க மருமகப்பொண்ணு பொட்டியில வந்ததில்ல" என்றார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெருவே பேசுதே" என்றார். பிறகு, "சொல்லிடுங்க அந்தப் புள்ளைக்கிட்ட" என்றார்.

கரப்பான் தின்று சாகும் பசை மருந்தை மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைத்தார். ஓட்டைகளை அடைத்தார். படத்தின் நாலு மூலையிலும் போத்தல் கார்க்குத் துண்டு ஒட்டச் சொன்னார். சுவருக்கும் படத்துக்கும் நடுவே வெளிச்சம் போனால் அங்கே எதுவும் தங்காதாம். எல்லாவற்றையும் செய்தேன், அவர் சொன்ன அந்த ஒன்றைத் தவிர. டீச்சர் வாயால் ஒரு சின்னப் பெண்ணிடம் தப்பு என்று சொல்வதா? கரப்பான் ஒழிந்தது. கொஞ்ச நாளில் மகனும் நிர்மலாவும் ஜித்ராவுக்கு வீடு மாறினார்கள். வேலைக்குப் பக்கம் என்றார்கள்.

சில மாதம் கழித்து மளிகைக் கடை வாசலில், கடைக்காரர் வெளியே போட்டிருந்த காலி அட்டைப் பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பாய் வந்து ஒரு பெட்டியின் மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இரண்டு முட்டைக் கூடுகள். "கடப் பொட்டிய வீட்டுக்குள்ள ஏத்தாதீங்க. சுத்தமான வீட்டுக்கு நாமதான் தூக்கிட்டுப் போறோம்" என்றார். நான் கையை உதறிக்கொண்டு நகர்ந்தேன். பின்னாலிருந்து கேட்டார்: "மருமகக்கிட்ட சொல்லிட்டீங்களா டீச்சர்?"

"சொல்லிட்டேன் பாய்" என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவரை அடக்கம் செய்த மறுநாள் பஸ் ஏறி ஜித்ராவுக்குப் போனேன். நிர்மலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முருகர் படத்தை இறக்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசித் துணிவரை மடித்து முடித்தாள்.

"என் பொட்டிய எல்லாரும் பாக்கத்தான் பிரிக்கச் சொன்னீங்க அத்தே. இத மட்டும் வீட்டுக்குள்ள வந்து சொல்றீங்க" என்றாள்.

அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன். என் வீட்டுக் கரப்பான் நிர்மலாவின் பெட்டியில் வரவில்லை. நான் கும்பிட்ட படத்துக்குப் பின்னால், நான் படைத்ததைத் தின்று, நான் துடைக்காத இடத்தில் பெருகியது. அவள்மேல் பழி போட்டவள் நான்.

கார்க்குத் துண்டுகள் இன்னும் படத்துக்குப் பின்னால் ஒட்டியிருக்கின்றன. வாரம் ஒரு வாளி தண்ணீர் தவறுவதில்லை. இவற்றோடு அவர் என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு கேள்வி.

சொல்லிட்டேன், பாய்.